துரு நிறம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மூன்று பேரும் சௌகரியம். மாமாவுக்கு முழங்கால் வலி. மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வருகிற வலி. பாப்பாவுக்குப் பரீட்சை, அதனால் வீட்டில் எல்லோரும் மெதுவாக நடக்கிறோம். உன் சௌகரியத்தை இந்தத் தடவையாவது முழுசாக எழுது. “நான் கல்லுக்குண்டு” என்று ஒரே வரியில் முடிக்காதே.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். என் மாணவி ஒருத்தி புள்ளியியல் ஆய்வுக்காக ஓர் ஆஸ்பத்திரியின் நிமோனியா நோயாளிகளைப் பற்றிய எண்களை எடுத்து வந்தாள். அதில் ஒரு வரிசையில் மட்டும் எண் பெரிதாக நின்றது. தப்பாகக் கூட்டியிருக்கிறாய், போய் மறுபடி போடு என்று திருப்பி அனுப்பினேன். அவள் அதே எண்ணோடு வந்து நின்றாள். அந்த வரிசை உன்னைப் போன்றவர்களுடையது. உன் உடம்பில் இருக்கிற அந்த விஷயம் இருப்பவர்கள்.

ஒரு மாணவியின் அட்டவணையை நம்பி உன்னைப் பயமுறுத்துகிறவள் இல்லை நான். நூலகத்தில் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். நியூமோகாக்கஸ் என்று ஒரு கிருமி. நிறைய பேர் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கும். அது நுரையீரலுக்கோ ரத்தத்துக்கோ மூளை உறைக்கோ இறங்கினால்தான் ஆபத்து. உன் நிலையில் இருப்பவர்களுக்கு அப்படி இறங்குவது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து குறைகிறது, ஆனால் மற்றவர்கள் அளவுக்கு இறங்கிவிடுவதில்லை. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. நீ போட்டுக்கொண்டாயா?

இதைப் போனில் கேட்க முடியாது. உன் அறையில் ஆறு பேர். இங்கே மாமா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பதிலை வழக்கம்போலக் கல்லூரி முகவரிக்கே போடு. கவரை நன்றாக ஒட்டு.

அக்கறையுடன்,
அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

கல்லுக்குண்டு எழுதுவது. நீ கேட்டபடி முழுசாக: தூக்கம் நன்று, பசி நன்று, முதுகு சுமார், தலைமுடி போன வருஷத்தோடு விடைபெற்றுக்கொண்டது. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. போன மாதம் ரத்தம் பார்த்தார்கள். வைரஸ் கண்ணில் படாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறதாம். டாக்டர் அம்மா தோளில் தட்டிக்கொடுத்தார். தடுப்பூசிக்கும் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகவே உன் நூலகமும் என் டாக்டரும் ஒரே கட்சி.

சீட்டு பர்ஸில் இருக்கிறது. சிக்கல் வேறு. மாத்திரை வாங்குவது பக்கத்து ஊரில். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. ஊசி போடுவது இங்கே, பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தைகளுக்குப் போடுகிற அதே கவுண்டரில். அங்கிருக்கிற நர்ஸம்மாவுக்கு வெண்கலத் தொண்டை. “எதுக்குப் போடுறீங்க, என்ன வியாதி?” என்று கேட்டால் வாசலில் நிற்கிற ஆட்டோக்காரர் பதில் சொல்வார். வரிசையில் எங்கள் சூப்பர்வைசர் வீட்டம்மா பேரக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பார். பட்டறைக்குத் தெரிந்தால் என்னை வேலைக்கு வைத்திருப்பார்களா என்பது எனக்கே தெரியாது. எங்கள் பட்டறை செய்வது தண்ணீர்த் தொட்டி என்பதை நினைவில் வை.

நெஞ்சைப் பற்றிக் கவலைப்படாதே. துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டு செய்கிற நாளெல்லாம் எங்களுக்கு ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர் பால் உண்டு. புகையை அது இழுத்துக்கொண்டு போய்விடும்.

இன்னொன்று. “அந்த விஷயம்” என்று எழுதுகிறாயே, அதற்கு எச்.ஐ.வி. என்று ஒரு பேர் இருக்கிறது. மூன்றே எழுத்து. பேனா தேய்ந்துவிடாது.

மாமாவின் முழங்காலுக்கு என் வணக்கம்.

தம்பி

பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பா பரீட்சை முடித்துவிட்டாள், இப்போது எல்லோரும் சத்தமாக நடக்கிறோம். எனக்குக் கண்ணாடி மாற்றினார்கள், மற்றபடி சுகம்.

பால் வயிற்றுக்குப் போகிறது. புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் எந்த இடத்தில் சந்தித்துக்கொள்கின்றன என்று பட்டறையில் யாராவது விளக்கினால் எனக்கு எழுது. பால் குடி, நல்லதுதான். ஆனால் அதை மருந்துக் கணக்கில் சேர்க்காதே. சிகரெட்டைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதாததிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

தடுப்பூசி பற்றி நான் புரிந்துகொண்ட வரை எழுதுகிறேன். அதில் உயிருள்ள கிருமி இல்லை, அதனால் உன் நிலையில் இருப்பவர்களும் பயமில்லாமல் போட்டுக்கொள்ளலாம். சில இடங்களில் ஒரே ஊசி. சில இடங்களில் ஒன்று போட்டு, இரண்டு மாதமாவது கழித்து வேறு வகை ஒன்று. உங்கள் ஊரில் எது என்று டாக்டரைக் கேள். நூறு சதவீதக் காப்பு என்று எவனாவது சொன்னால் நம்பாதே. இந்தக் கிருமியில் நூறு வகைக்குக் குறையாமல் உண்டு, ஊசி அவற்றில் சிலவற்றைத்தான் தடுக்கும். ஆனால் ஆளைச் சாய்க்கிற வகைகளாகப் பார்த்துத்தான் சேர்த்திருக்கிறார்கள். எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாத நான் இதை ஒப்புக்கொள்கிறேன்.

கவுண்டர் சங்கடம் எனக்குப் புரிகிறது. வேறு ஊரில் போட்டுக்கொள்ள முடியுமா என்று பார். யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமில்லை.

கடைசியில் நீ எழுதியிருந்ததைப் படித்தேன்.

அக்கா

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சௌகரியம், ஆனால் கொஞ்சம் சுருக்கமாகத்தான் எழுத முடியும். பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பத்துத் தொட்டி, அத்தனையும் துத்தநாகம் பூசிய தகடு. ஒரு வாரமாகத் தொட்டிக்குள்ளே உட்கார்ந்து வெல்டிங். உள்ளே உட்கார்ந்தால் வெளியே யார் கூப்பிட்டாலும் கோயில் மணி மாதிரிக் கேட்கிறது.

திங்கட்கிழமை குளிர்க் காய்ச்சல் வந்தது. பயப்படாதே, இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் வருகிற புகைக் காய்ச்சல். லீவு முடிந்து வந்து முதல் நாள் புகை பட்டால் சாயங்காலம் உடம்பு தூக்கிப் போடும், மறுநாள் போய்விடும். கட்டர் (எங்கள் கேஸ் கட்டிங் ஆள், என் அறைக்காரன்) ஒரு சொம்பு பால் கொண்டுவந்து வைத்தான். “குடிச்சிட்டுப் படுடா, காலைல நீயே எந்திரிச்சு என்னைத் திட்டுவே” என்றான்.

இன்று வியாழன். காய்ச்சல் இன்னும் முழுசாகப் போகவில்லை. இந்தத் தடவை தகடு மட்டம் போல. ஆழமாக மூச்சு இழுத்தால் இடது விலாவில் குத்துகிறது. தொட்டிக்குள் மடங்கி உட்கார்ந்ததால் பிடித்துக்கொண்டிருக்கும். இருமினால் சளி துரு நிறத்தில் வருகிறது. துருவைத் தேய்க்கிறவனுக்குத் துரு வராமல் பன்னீரா வரும்?

ஆர்டர் முடிந்ததும் ஊசி. சத்தியம்.

தம்பி

மார்ச் 9

தம்பி,

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. போன் போட்டேன், அணைத்து வைத்திருக்கிறாய். கட்டரின் எண் என்னிடம் இல்லை.

புகைக் காய்ச்சல் ஓரிரு நாளில் போகும். நீயே எழுதியிருக்கிறாய், மறுநாள் போய்விடும் என்று. போகவில்லை. குளிர்க் காய்ச்சல், விலாக் குத்து, துரு நிறச் சளி. இந்த மூன்றையும் நான் இதே வரிசையில் படித்திருக்கிறேன். அது தகட்டுத் துரு இல்லை. அது ரத்தம்.

இதைப் படிக்கும் நிமிஷம் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போ. நான் கவரை ஒட்டிவிட்டுப் பஸ் பிடிக்கிறேன். அநேகமாகக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்து சேருவேன்.

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் வீடு வந்து சேர்ந்து ஒரு வாரமாகிறது. இங்கே எல்லோரும் சுகம். நீ இப்போது எழுந்து நடக்கிறாய், சாப்பாடு இறங்குகிறது என்று கட்டர் போனில் சொன்னார். அவர் அன்றைக்கு உன்னை மறுத்துப் பேசவிடாமல் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகாவிட்டால், நான் வந்து இறங்கியபோது பார்க்க ஆள் இருந்திருக்காது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை; நீ சொல்லு.

கிருமி ரத்தத்திலும் கலந்திருந்தது என்றார்கள். சரியான மருந்து சரியான நேரத்தில் உள்ளே போனதால் பிழைத்தாய். டாக்டரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னோம், அது போதும்.

இப்போது ஊசி விஷயம். ஒருமுறை வந்துபோனதால் மறுபடி வராது என்று நினைக்காதே. வேறு வகை காத்திருக்கும், ஊசி இப்போதும் அவசியம். நல்ல செய்தி, அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். சில நாடுகளில் வெல்டிங் புகையில் வேலை செய்கிறவர்களுக்கே இந்த ஊசியைச் சிபாரிசு செய்திருக்கிறார்கள். வேறு எந்த நோயும் இருக்க வேண்டியதில்லை, தொழிலே காரணம். அந்தச் சிபாரிசை அச்சிட்ட தாளை உன் பேருக்கு அனுப்புகிறேன். கவுண்டரில் “நான் வெல்டர்” என்று சொல், டாக்டர் சீட்டைக் காட்டு. அவ்வளவுதான். அந்தப் பேச்சே எழாது. சூப்பர்வைசர் வீட்டம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை.

மாமாவிடம் உனக்குச் சாதாரண நெஞ்சுச் சளி முற்றிப்போனது என்று சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நடக்கிறேன், மாடி ஏறினால் மட்டும் நாய் மாதிரி இரைக்கிறது. சிகரெட்டை விட்டுவிட்டேன். அதற்கு உன் புத்திமதி காரணமில்லை. ஒன்றைப் பற்றவைத்துப் பார்த்தேன், நெஞ்சு ‘போடா’ என்று சொல்லிவிட்டது.

டாக்டரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னோம் என்று எழுதியிருக்கிறாய். சொன்னோம் இல்லை, அக்கா. சொன்னேன்.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பாதி நினைவுதான் இருந்தது, ஆனால் காது வேலை செய்தது. டாக்டர் உன்னைப் பார்த்து, “இவருக்கு வேற ஏதாவது வியாதி உண்டா, ரெகுலரா மாத்திரை எடுக்கிறாரா?” என்று கேட்டார். நீ கட்டரைப் பார்த்தாய், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்தாய். “சின்ன வயசுலேர்ந்தே அவனுக்கு நெஞ்சு கொஞ்சம் பலவீனம், டாக்டர்” என்றாய். அவர் மறுபடி கேட்டார். “வெளியில வந்து சொல்றேனே” என்றாய். அவருக்கு வெளியில் வர நேரமில்லை. பின்னால் இன்னொருவனைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள்.

அதனால்தான் ஆக்ஸிஜன் மூடியை நானே இழுத்துவிட்டேன். “எச்.ஐ.வி. இருக்கு, டாக்டர். ஆறு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன்.” கட்டருக்கு அப்போதுதான் தெரியும். அவன் என் காலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான், விடவில்லை. நீ ஜன்னலைப் பார்த்தாய்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் குறை சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்காக நூலகத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டது நீ. ராத்திரி பகலாகப் பஸ்ஸில் வந்தது நீ. அந்த மூன்று எழுத்தைத் தவிர எல்லாவற்றையும் எனக்காகச் செய்வாய்.

வெல்டர் தாள் வந்தது. நல்ல தாள், பட்டறையில் ஒட்டிவிட்டேன். எல்லோரும் படிக்கட்டும், எல்லோரும் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் எனக்கு அது போர்வையாக வேண்டாம். மறைத்துப் போர்த்திக்கொண்டதால் மார்ச்சில் எப்படிக் கிடந்தேன் என்று நீயே பார்த்தாய்.

தம்பி

ஜூன் 1

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

கட்டர் எழுதுவது. நான் நலம், உங்கள் தம்பியும் நலம், நீங்கள் எப்படி என்றுதான் ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் டீச்சரம்மா மார்க்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடமிருந்து கடிதம் வந்து எவ்வளவு நாளாகிறது? தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் இவன் வெல்டிங் முகமூடியைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கிறான். ஒன்றும் இல்லை என்றதும் முகமூடியை மூடிக்கொள்கிறான். முகமூடி போட்டவன் முகம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த நேரத்தில் தகட்டை ஒட்டிப் போடுகிற வெல்டிங் தையல் கோணலாக இருக்கிறது. அவன் தையல் கோணலாகி நான் பார்த்ததில்லை.

அவன் உங்களுக்கு என்ன எழுதினான் என்று சொல்ல மாட்டேன் என்கிறான். ஏதாவது வாய்த்துடுக்காக எழுதியிருந்தால் என்னைப் பார்த்து மன்னியுங்கள். அன்றைக்கு அவன் டாக்டரிடம் சொன்னதிலிருந்து நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அறையில் அவன் படுக்கைக்குப் பக்கத்தில்தான் படுக்கிறேன். அவன் குறட்டைதான் தொந்தரவு, வேறொன்றும் இல்லை.

ஒரு வரி போடுங்கள்.

கட்டர்

ஜூன் 12

அக்காவுக்கு,

நீ எழுதாவிட்டால் நானும் எழுதக் கூடாது என்று சட்டமா? உடம்பு தேறிவிட்டது. மாடி இரைப்பு போய்விட்டது. கட்டர் உனக்கு எழுதினானாம். எழுதிவிட்டு என்னிடமே வந்து தபால்தலைக்குக் காசு கேட்டான்.

திங்கட்கிழமை ஊசி போட்டுக்கொண்டேன்.

கவுண்டரில் அதே நர்ஸம்மா, அதே தொண்டை. “குழந்தை எங்க?” என்றார். “நான்தாங்க” என்றேன். வரிசையே சிரித்தது. சூப்பர்வைசர் வீட்டம்மாவும் இருந்தார், அவர்தான் ரொம்பச் சிரித்தார். நர்ஸம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பெரியவங்களுக்கு இது எதுக்கு? என்ன காரணம்னு போடணும்.”

உன் ‘வெல்டர்’ நாக்கு நுனியில் இருந்தது. பொய்யும் இல்லை. ஆனால் மார்ச் மாதம் ஞாபகம் வந்தது.

“எச்.ஐ.வி. இருக்கு. அதை எழுதிக்குங்க. வெல்டரும்கூட, இடம் இருந்தா அதையும் எழுதிக்குங்க.”

வரிசையில் சிரிப்பு நின்றது. நர்ஸம்மாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். “மெதுவாச் சொல்லியிருக்கலாமே, தம்பி” என்றார். “மெதுவாச் சொல்லணும்னு காத்திருந்துதாங்க மார்ச்சுல சாகப் பார்த்தேன்” என்றேன். அவர் காரணத்தை எழுதிக்கொண்டார். பிறகு, “சட்டைக் கையைத் தூக்குங்க. ரெண்டு மாசம் கழிச்சு இன்னொண்ணு இருக்கு, ஆகஸ்ட்ல வரணும். வரலைன்னா இங்கேர்ந்தே பேர் சொல்லிக் கூப்பிடுவேன்” என்றார். அந்தத் தொண்டைக்கு அது முடியும்.

மத்தியானத்துக்குள் பட்டறைக்குத் தெரிந்துவிட்டது. அறையில் இரண்டு பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்கள். ஒருவன் எப்படி வந்தது என்று கேட்டான். பஸ்ஸில் வந்தது என்றேன். முதலாளி கூப்பிட்டனுப்பினார். மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “எனக்கு ஒண்ணும் இல்லப்பா. ஆனா நாம செய்யுறது தண்ணித் தொட்டி. ஜனங்க என்ன சொல்லுவாங்க?”

“முதலாளி, தொட்டியில என் வியாதி இல்ல, என் வெல்டுதான் இருக்கு. இது தண்ணில பரவாது, உங்களுக்கே தெரியும். எந்தத் தொட்டியாவது ஒழுகினா சொல்லுங்க, அன்னைக்கே போயிடுறேன்.”

பதினாறு வருஷத்தில் ஒன்றும் ஒழுகவில்லை. அவருக்கு அது தெரியும். “சரி, போய் வேலையைப் பாரு” என்றார். நாளைக்கு மனம் மாறலாம். மாறினால் அப்போதும் இதையேதான் சொல்வேன். நேற்று சாயங்காலம் பாயைச் சுருட்டினவர்களில் ஒருவன் வந்து, அந்தத் தாளில் இருக்கிற ஊசி எங்கே போடுகிறார்கள் என்று மூக்கைச் சொறிந்துகொண்டே கேட்டான். வழி சொன்னேன். நர்ஸம்மாவைப் பற்றி எச்சரித்தும் அனுப்பினேன்.

இனி இங்கே ஒளிக்க ஒன்றும் இல்லை, அக்கா. கவருக்கும் பசைக்கும் வீண் செலவு. அடுத்த தடவை எனக்கு அட்டையில் எழுது. தைரியம் இருந்தால்.

தம்பி

ஜூலை 2

(தபால் அட்டை)

தம்பிக்கு,

எல்லோரும் நலம். மாமாவிடம் நானே சொன்னேன். சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். உன்மேல் இல்லை, ஆறு வருஷம் மறைத்த என்மேல். நேற்று அவரே கேட்டார், “ரெண்டாவது ஊசி எப்போ?” என்று. பாப்பா உன்னை லீவுக்கு வரச் சொல்கிறாள்.

உனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு இரண்டாவது ஊசி தவறக் கூடாது. ஆகஸ்ட்.

இதைச் சாப்பாட்டு மேசையில் எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து எழுதினேன். கையெழுத்து எங்காவது புரியாவிட்டால் தபால்காரரைக் கேள். அவர் படித்திருப்பார்.

அக்கா